அளந்து பார்க்கும் அன்பு

திருவருகைக் காலம் நெருங்கும்போது நம் பங்குகளில் அட்டைக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. துணிக்கடையில் தந்த பெட்டியும், காலணி வந்த பெட்டியும், பழைய நாட்காட்டியின் முதுகட்டையும் பரணிலிருந்து இறங்கி வருகின்றன. அவை பெத்லகேமின் வீடுகளாகின்றன, இடமில்லை என்று மறுத்த விடுதியின் வாசலாகின்றன, ஏரோதின் அரண்மனையாகின்றன. பழுப்புத் தாளைக் கசக்கி மலை செய்கிறார்கள். உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகிறது. 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் புனித அசிசி பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்பின் இரவை நினைவுகூர்ந்தபோது, உண்மையான வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் காட்சி வீடுதோறும் சென்று சேர வேண்டுமானால் அது சிறியதாக வேண்டியிருந்தது. களிமண்ணும் மரமும் தாளும் அட்டையும் அந்தப் பணியைச் செய்தன. பெரியதொரு மறைபொருள் கைக்கு அடக்கமாகி நம் கூடத்தின் மூலையில் வந்து அமர்ந்தது.

அதே அட்டையையும் அதே பசையையும் கொண்டு, தென்னூரில் உள்ள நமது சிறு வீட்டில், ஆண்டின் மற்ற மாதங்களில் வேறொன்றைச் செய்துவருகிறோம். பழைய ரயில்வேக் கட்டுமானங்களின் மாதிரிகளே அவை: பாலங்கள், நிலையங்கள், தண்ணீர்த் தொட்டிகள், சிக்னல் அறைகள். இதைக் காணவரும் நண்பர்கள் முதலில் வியக்கின்றனர். அடுத்து, ஏறக்குறைய எல்லாருமே ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். வயது முதிர்ந்த ஒருவருக்கு இந்தச் சிறுபிள்ளை விளையாட்டு எதற்கு? கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

அட்டை மாதிரிக் கலை நமக்குப் புதிதாகத் தோன்றலாம்; ஐரோப்பாவில் அது பழமையானது. ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் 1831-இல் தொடங்கப்பட்ட ஷ்ரைபர் பதிப்பகம், வெட்டி மடித்து ஒட்டக்கூடிய கட்டடத் தாள்களைப் பின்னாளில் அச்சிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்கு வழங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகமும் மரமும் போர்க்களத்துக்குப் போய்விட்ட இங்கிலாந்தில், அஞ்சலட்டை அளவே உள்ள தாள்களில் ரயில் எஞ்சின்களையும் புகழ்பெற்ற கட்டடங்களையும் அச்சிட்டு 'மைக்ரோமாடல்ஸ்' என்ற பெயரில் விற்றனர். போரினால் நொறுங்கிய போலந்தில் 1957-இல் இதற்கென்றே ஓர் இதழ் தோன்றியது. அதன் பெயருக்குச் 'சிறிய மாதிரியாளர்' என்று பொருள். வறுமையும் இழப்பும் மிகுந்த காலங்களில் இந்தக் கலை செழித்திருப்பது சிந்திக்கத்தக்கது. கையில் ஒன்றும் இல்லாதபோதும் தாள் இருக்கிறது. தாளும் பொறுமையும் இருந்தால் ஒரு நகரை எழுப்பலாம்.

நம் நாட்டுக்கும் இந்த மனம் அந்நியமன்று. குடிலும் கொலுவும், மூங்கில் குச்சியில் தாள் ஒட்டிச் செய்யும் நட்சத்திரமும், திருவிழாச் சப்பரத்தின் அலங்காரமும் இந்த மரபைச் சேர்ந்தவையே. ஆயினும் அவற்றில் அளவு முக்கியமன்று. பக்தியும் அழகுமே முக்கியம். மாதிரிக் கலையிலோ அளவே உயிர். உண்மைக் கட்டடத்தின் ஒவ்வோர் அடிக்கும் மாதிரியில் எத்தனை மில்லிமீட்டர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, கதவுக்கும் தூணுக்கும் படிக்கட்டுக்கும் அதே கணக்கைக் கடைப்பிடிக்க வேண்டும். பிடித்ததைப் பெரிதாக்கவும் பிடிக்காததைச் சிறிதாக்கவும் இங்கே உரிமை இல்லை. இதனை ஒரு சிறு ஒறுத்தல் என்றே கூறலாம்.

ரயில்வேக் கட்டுமானங்களைத் தேர்ந்ததற்கு நாம் வாழும் ஊரே காரணம். 1853-இல் இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட பெருந்தென்னிந்திய ரயில்வே நிறுவனம், நாகப்பட்டினத்திலிருந்து பாதை போட்டு 1861-இல் தஞ்சையையும் 1862-இல் திருச்சியையும் வந்தடைந்தது. பின்னர் கரூர் வழியாகப் பாதை நீண்டு 1868-இல் ஈரோட்டைத் தொட்டது. 1874-இல் அந்நிறுவனமும் கர்நாடிக் ரயில்வேயும் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவாயிற்று. அதன் தலைமையிடம் நெடுங்காலம் திருச்சியிலேயே இருந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த பெரும் பணிமனையும் 1928-இல் பொன்மலைக்கு வந்து சேர்ந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்தது பணிமனை மட்டுமன்று. 1844-இல் இயேசு சபையினர் அங்கே தொடங்கிய புனித வளனார் கல்லூரி, 1883-இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்தது. உலகறிந்த தச்சரின் பெயரைத் தாங்கிய கல்லூரியும், தச்சரும் கொல்லரும் நிறைந்த பணிமனையும் ஒரே கடற்கரை ஊரிலிருந்து ஒரே காவிரிக்கரை ஊருக்கு வந்தன என்பதை எண்ணும்போது நமக்குள் ஒரு மகிழ்ச்சி எழுவதுண்டு. நம் மறைமாவட்டத்தின் எத்தனையோ குடும்பங்கள் இவ்விரண்டில் ஒன்றையோ, இரண்டையுமோ நம்பி வளர்ந்தவை.

இனி, செய்முறையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நமக்குத் தேவைப்படும் கருவிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடக்கிவிடலாம்: இரும்பு ஸ்கேல், பிளேடு, சிறு கத்தரி, ஊசி, மை தீர்ந்துபோன ஒரு பால்பாயிண்ட் பேனா. அந்தப் பேனாவே நமது முதன்மைக் கருவி. மடிக்க வேண்டிய கோட்டின்மேல் ஸ்கேலை வைத்து அதனால் அழுத்திக் கீறினால், அட்டை வெடிக்காமல் நேராக மடியும். சுவர்களுக்குப் புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும் பைண்டிங் அட்டை. நுண்வேலைகளுக்குத் திருமண அழைப்பிதழ் அட்டை. பசைக்கு மைதா மாவைக் காய்ச்சுவதே பழைய வழக்கம். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பதைப் புத்தகம் கட்டும் தொழிலாளரிடம் கற்றோம்.

மரத்துக்கு இருப்பதுபோலத் தாளுக்கும் ஓர் ஓட்டம் உண்டு. ஆலையில் அதன் நார்கள் ஒரே திசையில் படிகின்றன. அந்தத் திசையோடு மடித்தால் அட்டை இணங்கும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். சிறு துண்டை நனைத்துப் பார்த்தால் அது எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதைக் கொண்டு ஓட்டத்தை அறியலாம். இணங்கும் திசையை அறிந்து மடிக்கத் தெரியாதவர் நல்ல தலைமை ஆசிரியராகவோ பங்குத் தந்தையாகவோ இருப்பது கடினம் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் உண்டு. தட்டையான ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக வைத்துப் பாருங்கள். தன் எடையைக்கூடத் தாங்காமல் அது தொய்ந்துவிடும். அதே தாளின் இரு விளிம்புகளையும் மேல்நோக்கி மடித்து வையுங்கள். ஒரு பேனாவையும், ஏன், ஒரு சிறிய செபப் புத்தகத்தையும் தாங்கும். தாளின் எடை கூடவில்லை, பொருளும் மாறவில்லை. மடிந்ததனால் அது வலுப்பெற்றது. ரயில் பாலத்தின் இரும்பு கர்டர்களுக்கும் இதுவே அடிப்படை. நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டினால் ஒரு தள்ளலில் அது சாய்ந்துபோகும். மூலைக்கு மூலை ஒரு குச்சி சேர்த்து முக்கோணங்களாக்கினால் அசையாமல் நிற்கும். பெரிய பொறியாளர்கள் எழுதிய நூல்களில் படிக்கும்போது இவை சூத்திரங்கள். விரலால் மடித்துப் பார்க்கும்போதோ இவை நமக்குச் சொந்தமாகிவிடுகின்றன.

நாம் செய்தவற்றுள் எழும்பூர் நிலையம் ஒன்று. தென்னிந்திய ரயில்வேக்காக எழுப்பப்பட்டு 1908-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் குவிமாடங்களைச் செய்வது எளிதன்று. வளையாத அட்டையைக் கொண்டு உருண்டை செய்ய வேண்டும். ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப்போல் பன்னிரண்டு மெல்லிய துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றையும் மெதுவாக வளைத்து, உட்புறமாகத் தாள் நாடாவால் இணைப்போம். ஒரு துண்டு அரை மில்லிமீட்டர் அகலம் கூடினாலும் உச்சியில் சுளைகள் ஒன்று கூடுவதில்லை. அக்கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி இர்வின் என்றும், ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் சாமிநாத பிள்ளை என்றும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. அந்தக் குவிமாடத்தின் உச்சியில் வெயிலில் நின்று வேலை செய்தவரின் பெயரை எவரும் எழுதவில்லை. பன்னிரண்டாவது சுளையை ஒட்டும்போது அந்த முகமறியா மனிதரை நினையாமல் இருக்க முடிவதில்லை.

எல்லா மாதிரிகளிலும் நம்மை அதிகம் ஆட்கொண்டது பாம்பன் பாலம். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்ட அப்பாலம், கடலின்மேல் 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் கொண்டது. நீரில் நின்ற தூண்கள் 143. சென்னையிலிருந்து திருச்சி வழியாகச் சென்ற போட் மெயில் அதன்மேல் ஊர்ந்து தனுஷ்கோடியை அடைந்தது. அங்கிருந்து பயணிகள் கப்பலேறித் தலைமன்னாருக்குச் சென்றனர்.

இதனை எந்த விகிதத்தில் செய்வது? இங்கிலாந்தின் ரயில் மாதிரிக்காரர்கள் விரும்பும் 1-க்கு 76 என்ற விகிதத்தில் செய்தால் மாதிரியின் நீளம் ஏறத்தாழ 89 அடி. அதனை வைக்க நம் தெருவை மறிக்க வேண்டியிருக்கும். நமது கூடத்தின் நீளமோ 14 அடி. ஆகவே 1-க்கு 500 என்று முடிவு செய்தோம். 2,065 மீட்டர் நீளப் பாலம் பதின்மூன்றரை அடியாகச் சுருங்கிச் சுவரோடு சுவராக அடங்கிற்று. நாற்பது அடிக் கண் ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவாயிற்று. 143 தூண்களையும் ஒவ்வொன்றாக வெட்டி, மடித்து, ஒட்டினோம். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு தூண்கள். சில மாலைகளில் அது செபமாலை உருட்டுவது போன்றே இருந்தது. விரல்கள் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய, மனம் மெல்ல மெல்ல அமைதியுற்றது.

பாலத்தின் நடுவே கப்பல்களுக்கு வழிவிடுவதற்காகத் திறக்கும் பகுதியை மட்டும் தனியாக, 1-க்கு 100 என்ற விகிதத்தில் பெரிதாகச் செய்தோம். அந்தப் பகுதியின் அமைப்பைக் கண்டவர் வில்லியம் ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர். பாலத்தின் இரு பாதிகளும் கதவின் இரு இறக்கைகளைப்போல் மேலெழும். ஒவ்வோர் இறக்கையின் அடிப்பகுதியும் வட்டத்தின் ஒரு துண்டுபோல் வளைந்திருக்கும். குழந்தைகளின் ஆடுகுதிரையைப்போல் அந்த வளைவு தண்டவாளத்தின்மேல் பின்னோக்கி உருளும். உருள உருள இறக்கை மேலே எழும். எழும்போதே பின்னும் நகர்ந்து கப்பலுக்கு அகன்ற வழியைத் தரும். இறக்கையின் பின்புறத்தில் ஓர் எதிர் எடை உண்டு. முன்னே நீண்டிருக்கும் இரும்பின் கனத்தை அது ஈடு செய்கிறது. அதனால்தான் மனிதர் சிலர் கைகளாலேயே நெம்புகோல்களைச் சுழற்றி அத்துணைப் பெரிய இரும்பை உயர்த்த முடிந்தது.

அட்டை மாதிரியில் இதனைச் சோதித்துப் பார்த்தபோது நாம் அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை. எதிர் எடை இல்லாதபோது இறக்கையைத் தூக்க விரலால் முயல வேண்டியிருந்தது, அட்டை வளைந்தது. பின்புறப் பெட்டிக்குள் ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக இட்டோம். ஒரு கட்டத்தில் இறக்கை தன் கனத்தை மறந்துவிட்டதுபோல் ஆயிற்று. தையல் நூலைச் சற்றே இழுத்தால் போதும், பாலம் எழுந்தது. பார்ப்பவர் கண்ணில் படுவது எழும் இறக்கை. அதனை எழச் செய்வதோ பின்னால் மூடிய பெட்டிக்குள் இருக்கும் கனம். ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து நிற்கும்போது, அதன் பின்புறத்தில் யாருடைய கனம் மறைவாக வைக்கப்பட்டிருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

ஷெர்சரின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. அவர் 1893-இல், முதுமையைக் காணாமலேயே இறந்தார். அவருடைய முறையில் சிகாகோ நகரின் வான் பியூரன் தெருப் பாலம் 1895-இல்தான் முடிந்தது. தம் எண்ணம் இரும்பாகி எழுவதை அவர் கண்ணால் காணவில்லை. கண்டவர்களுள் நம் பாம்பன் மீனவர்களும் அடங்குவர். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்ற நற்செய்திச் சிந்தனை பொறியியலுக்கும் பொருந்துகிறது.

திறக்கும் பகுதி முடிந்திருந்த நாளொன்றில், பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். நூலை இழுத்துப் பாலத்தை உயர்த்திக் காட்டினோம். குனிந்து நெடுநேரம் பார்த்தார். வளைவைத் தொட்டார். நாணயப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எல்லாம் சரியா வந்திருக்குங்க. பாலம் எழும்புது. அதை எழுப்புற ஆளுங்க எங்கே நிக்கிறாங்க?"

அந்தக் கேள்வி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. மாதிரிக் கலையின் மரபில் மனித உருவங்கள் இன்றியமையாதவை அல்ல. பல வல்லுநர்கள் அவற்றைத் தவிர்க்கவே செய்வர். ஆனால் பெரியவர் கேட்டது மரபைப் பற்றி அன்று. 1-க்கு 500 என்ற விகிதத்தில் ஐந்தரை அடி மனிதன் மூன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஓர் எள்ளின் அளவுதான். அவனைச் செய்யவும் முடியாது, செய்தாலும் காண முடியாது. 1-க்கு 100 என்ற விகிதத்திலோ அவன் கட்டைவிரல் நகத்தின் உயரம் பெறுகிறான். அவனுக்குக் கைகளும் தோள்களும் முண்டாசும் கிடைக்கின்றன. விகிதம் என்பது வெறும் கணக்கன்று என்று அன்று விளங்கிற்று. எவ்வளவு தொலைவில் நின்று பார்க்கிறோம் என்பதே ஒருவன் மனிதனாகத் தெரிகிறானா, எள்ளாகத் தெரிகிறானா என்பதை முடிவு செய்கிறது. திட்டங்களின் தொலைவிலிருந்து பார்ப்போருக்கும், பங்குக் கணக்கேட்டின் தொலைவிலிருந்து பார்ப்போருக்கும் இது பொருந்தும். ஆண்டவர் நம்மைப் பார்க்க எவ்வளவு அருகில் வந்தார் என்பதைத்தான் குடில் ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுகிறது.

அன்றுமுதல் நம் மாதிரிகளில் மனிதர் இடம் பெறுகின்றனர். நெம்புகோலைச் சுழற்றும் தொழிலாளர் பாம்பன் பாலத்தில் நிற்கின்றனர். மனிதர் வந்தபின் வரலாற்றின் வலியும் கூடவே வந்தது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயில் புயலலையில் சிக்கிற்று; அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள்களே இருந்தன. அந்தப் புயல் பாலத்தின் பெரும் பகுதியைச் சிதைத்தது. ஆனால் ஷெர்சரின் திறக்கும் பகுதி நிலைத்து நின்றது. பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் மீண்டும் ரயிலைத் தாங்கியது. தனுஷ்கோடிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. கூரையிழந்த தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் அங்கே மணலில் நிற்கின்றன. அந்தத் தேவாலயத்தை அட்டையில் செய்தபோது, இடிந்த பகுதிகளை நிறைவு செய்து அழகாக்க நம் கை துணியவில்லை. இல்லாத கூரையை இல்லாததாகவே விட்டோம்.

பொன்மலையின் கதையும் அத்தகையதே. 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்த தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்மீது அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐவர் உயிரிழந்தனர். பொன்மலைப் பணிமனையை மாதிரியாகச் செய்ய விரும்புவோர் அதன் நீண்ட கொட்டகைகளை மட்டும் செய்து முடித்துவிடலாம். கொட்டகைகள் நேர்த்தியாகவும் இருக்கும். ஆனால் அந்த ஐவருக்கு அந்த அட்டைத் தரையில் இடமுண்டா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நமது மாதிரியின் வாயிலருகே ஐந்து வெண்ணிறக் கற்களை வைத்திருக்கிறோம். கேட்பவர்க்கு மட்டும் பொருளைச் சொல்கிறோம்.

இனி, தொடக்கத்தில் கூறிய கேள்வியை அதன் கடுமையான வடிவில் எதிர்கொள்ள வேண்டும். ஏழைகள் நம் வாசலில் இருக்க, தாளை வெட்டிக்கொண்டிருப்பது தகுமா? இதனை அருள்சகோதரி ஒருவர் நம்மிடம் நேராகவே கேட்டார். அட்டையைச் செய்வதற்காகப் பசித்தவனை மறந்தால் அது தகாது, இதில் ஐயமில்லை. எந்தப் பொழுதுபோக்கும், எந்தப் பக்திமுயற்சியும்கூட, அந்தச் சோதனைக்கு உட்பட்டதே. ஆயினும் ஒரு பொருளைப் பொறுமையோடு, முழுமையாக, தன் விருப்பத்தைத் திணிக்காமல் பார்க்கப் பழகிய கண், மனிதரையும் அவ்வாறு பார்க்கப் பழகக்கூடும் என்று நம்புகிறோம். கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் சிலர் நம் கூடத்துக்கு வருவார்கள். முதல் நாள் வேகமாக வெட்டுவார்கள். நான்காம் நாள், ஒரு தூண் கோணலாக இருப்பதைத் தாமே கண்டு, யாரும் சொல்லாமல் பிரித்து மீண்டும் ஒட்டுவார்கள். அந்த நான்காம் நாளுக்காகவே இதைச் செய்வது தகும் என்று அருள்சகோதரியிடம் கூறினோம். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, மறைக்கல்வி மாணவருக்கும் இதைச் சொல்லித்தர இயலுமா என்று கேட்டார்.

நம் காலத்தில் இந்தக் கலைக்கு இன்னோர் அவசரமும் சேர்ந்துள்ளது. தென்னூர்ப் பக்கத்திலிருந்து மெயின்கார்டுகேட்டுக்கும் லூர்து அன்னை ஆலயத்துக்கும் செல்வோர் தலைமுறை தலைமுறையாகக் கடந்த கோட்டை ரயில் நிலைய மேம்பாலம், 1866-இல் கட்டப்பட்டது. மாரிஸ் பாலம் என்றால்தான் பலருக்கும் தெரியும். புதிய, அகன்ற பாலம் வேண்டும் என்பதற்காக அது அண்மையில் இடிக்கப்பட்டது. பாம்பனிலும் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் திறக்கும் பகுதி நேராக மேலே எழுகிறது. கைகள் சுழற்றியதை இப்போது மின்விசை செய்கிறது. இவற்றை எதிர்த்து முழங்குவது நம் நோக்கமன்று. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் கட்டிய பாலத்தில் பேருந்துகள் நெரிந்து நின்ற துன்பத்தை நாம் அறிவோம். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்பதையும் அறிவோம். கட்டியவை ஒருநாள் இறங்கத்தான் வேண்டும். நமது கவலை வேறு. அவை அறியப்படாமலேயே இறங்கிவிடுகின்றன. நாள்தோறும் அவற்றின்மேல் நடந்த நாம், அவற்றை ஒருமுறையும் நின்று பார்ப்பதில்லை.

இறைவாக்கினர் எசேக்கியேலின் நூலை இந்தக் கண்ணோட்டத்தில் வாசிப்பது நமக்கு ஆறுதல் தந்தது. அவர் ஒருவகையில் மாதிரிக்காரர். ஒரு செங்கல்லை எடுத்து அதன்மேல் எருசலேம் நகரை வரையவும், அதைச் சுற்றி முற்றுகை மேடுகளை அமைக்கவும் ஆண்டவர் அவருக்குக் கட்டளையிட்டார். வரவிருந்த அழிவை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே அது. நகர் வீழ்ந்தது, கோவில் எரிந்தது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், அயல்நாட்டில் அடிமையாக இருந்த அவருக்கு ஒரு காட்சி அருளப்பட்டது. கையில் நூற்கயிறும் ஆறு முழக் கோலும் ஏந்திய ஒருவர், கோவிலின் மதிலை அளக்கிறார், வாயிலை அளக்கிறார், வாயிற்படியை, காவலறையை, முற்றத்தை அளக்கிறார். அதிகாரம் அதிகாரமாக அளவுகள் தொடர்கின்றன. இவ்வளவு வறண்ட எண்கள் இறைவார்த்தையில் எதற்கு என்று இளமையில் நாம் வியந்ததுண்டு. எல்லாவற்றையும் இழந்த ஒரு மக்களுக்கு, ஒரு வாயிற்படியின் அகலத்தைக்கூட மறவாதிருப்பதே நம்பிக்கையின் வடிவம் என்று இப்போது புரிகிறது. அந்த அளவுகளை மக்களிடம் எடுத்துச்சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அவர்கள் தங்கள் கடந்தகால வாழ்வுக்காக நாண வேண்டும் என்பதும் அவருக்கு இடப்பட்ட பணி. அளப்பது நினைவுக்கு உதவுகிறது; மனமாற்றத்துக்கும் உதவுகிறது.

நமது அட்டைப் பாலங்கள் கோவில்கள் அல்ல. நாம் இறைவாக்கினரும் அல்லோம். பூச்சியும் ஈரமும் வென்றால் இவையும் ஒருநாள் குப்பைக்குப் போகும். ஆயினும் ஒரு பாலத்தின் 143 தூண்களையும் தன் விரல்களால் ஒருமுறை எழுப்பியவர், அதனை இனி வெறும் வழியாகக் கடந்துசெல்ல மாட்டார். அதன் பின்புறத்தில் மூடிய பெட்டியில் கனம் இருக்கிறது என்றும், அதன் நெம்புகோலில் கைகள் இருந்தன என்றும் அவருக்குத் தெரியும்.

இந்தத் திருவருகைக் காலத்தில் குடில் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். பெத்லகேமின் வீடுகளைச் செய்து முடித்தபின் ஓர் அட்டை மீதமிருந்தால், உங்கள் ஊரின் பழைய கட்டுமானம் ஒன்றையும் அளந்து செய்து அருகில் வையுங்கள். ஊரின் சிறு ரயில் நிலையமாகட்டும், மதகாகட்டும், மண்டபமாகட்டும். பிள்ளைகளிடம் அளவுக் கயிற்றின் ஒரு முனையைக் கொடுங்கள். அதனைக் கட்டியவர்கள் யார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் அவர்கள் கேட்டு வரட்டும். பெயர் கிடைக்காவிட்டால், அந்தப் பெயரற்றவருக்காக நகத்தின் உயரத்தில் ஓர் உருவம் வெட்டி, இடையர்களின் வரிசையில் நிறுத்துங்கள்.